யாருடைய உறுமல்

"என்ற நாய் ஒண்ணும் பண்ணாதுங்க."

இந்த வாக்கியத்தைச் சொல்லாத நாய்க்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. குழந்தை கையிலிருந்த பன்னைப் பிடுங்கித் தின்றுவிட்டு நாய் வாயை நக்கிக்கொண்டிருக்கும். நாய்க்காரர் இதையேதான் சொல்வார். கடித்த பிறகு மட்டும் வாக்கியம் கொஞ்சம் மாறும்: "இதுவரைக்கும் இப்படிப் பண்ணினதே இல்லீங்க." கடிபட்டவர்தான் ஏதோ தப்பான காலை எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு வந்துவிட்டார் என்கிற மாதிரி ஒரு குறையும் அதில் தொனிக்கும்.

இதற்கு முடிவு கட்டத்தான் பட்டைச் சட்டம் வந்தது. நாயைப் பூங்காவுக்குள் கூட்டிவர வேண்டுமென்றால் நாய்க்கு ஒரு கழுத்துப்பட்டை, கூட்டிவருகிறவருக்கு ஒரு கைப்பட்டை. இரண்டும் ஜோடி. கயிறும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம்.

எங்கள் வாய்க்கால்மேட்டுப் பூங்காவின் வாசலறையில் வைத்துத்தான் திப்பிலிக்குப் பட்டை மாட்டினார்கள். மாட்டியவர் சகாயராஜ் என்ற கால்நடை டாக்டர். பூங்கா நாய்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. திப்பிலி நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியின் பழைய இரும்புக் குவியலுக்கு அடியில் கிடைத்த குட்டி. கறுப்பாக, ஒல்லியாக, காரமாக இருந்ததால் அந்தப் பெயர். அது என் நாய் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆகவே கைப்பட்டை என் கையில் ஏறியது.

"இது உங்க நாடித்துடிப்பு, கை வியர்வை எல்லாத்தையும் எடுத்துக்கும்மா," என்றார் சகாயராஜ். "அதை நாய் கழுத்துல சின்னக் குறுகுறுப்பா குடுத்துக்கிட்டே இருக்கும். கொஞ்ச நாள்ல நாய் அதைப் படிக்கப் பழகிடும். அப்புறம் நீங்க அமைதியா இருந்தா அது அமைதியா இருக்கும். பச்சை விளக்கு எரியும்."

"நான் கோவப்பட்டா?"

"மஞ்சள். ரொம்பப் பட்டா சிவப்பு. சிவப்பு வந்தா உடனே வெளிய போயிடணும்."

"அப்ப நாய்க்குப் பட்டை இல்லீங்க டாக்டர்," என்றார் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. "அம்மணிக்குத்தான் பட்டை."

டவுன் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர் அவர். எதையும் நாலு பேர் சிரிக்கிற மாதிரி சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சகாயராஜ் சிரிக்கவில்லை.

"ஆமா சார், அதேதான். கடிச்சிட்டா நாங்க கேக்கறது ஒரே கேள்வி. கடிச்சது நாயா, நீங்களா? நாய் தானாக் கோவப்பட்டாலும் விளக்கு எரியும், மனசைப் பதிவு பண்ணி வைக்கச் சட்டத்துல இடமில்ல. அதனால ஆளையும் நாயையும் நேர்ல நிறுத்திப் பார்ப்போம். கடிச்சது உங்க மனசுன்னா நாய் உங்ககிட்ட இருக்காது, வேற வீட்டுக்குப் போயிடும். நாய் தானாக் கடிச்சிருந்தா..." அவர் திப்பிலியின் காதை நீவிவிட்டார். "அது எந்த வீட்டுலயும் இருக்காது. ஊசிதான்."

அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நான் யாரைக் கடிக்கப் போகிறேன்?

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடி நின்றது. புல்தரையில் குழந்தைகள் திரும்ப ஓட ஆரம்பித்தார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு வீட்டு மருமகளின் நாய் மாமியார் வரும்போதெல்லாம் உறுமியது. மாமியார் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். ஒரு மானேஜரின் நாய், தினமும் ஓடவரும் ஒரு பெண்ணைக் கண்டால் தரையில் புரண்டு வயிற்றைக் காட்டியது. மானேஜரின் மனைவி மூன்றாம் நாளே பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். வாசலில் கம்மங்கூழ் வண்டிக்குப் பக்கத்தில் பூங்கா மாத்திரை விற்க ஒருவன் கடை போட்டான். ஒன்று போட்டால் ஒரு மணி நேரத்துக்கு மனசு சாம்பார் ஊற்றாத இட்லி மாதிரி கிடக்கும். வசதியுள்ளவர்கள், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துத் தங்கள் நாய்களை நடக்கவிட்டார்கள். நாயை அடக்குவது நாய்க்காரரின் பொறுப்பு என்றுதான் சட்டம் ஆரம்பித்தது. தன்னை அடக்குவது என்று அது எப்போது மாறியது என்று யாரும் கவனிக்கவில்லை.

என் திப்பிலி பச்சையாகவே ஓடிக்கொண்டிருந்தது, ரேணுகாதேவி வரும்வரை.

அவள் பூங்காவுக்குப் பின்னாலிருந்த அடுக்குமாடிக்கு ஆவணியில் குடிவந்தாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். வளர்த்த நாயும் வயதாகிப் போய்விட்டது. பழக்கத்தை விட முடியாமல், நாய் இல்லாமலே நாய்ப் பூங்காவுக்கு வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காருவாள். இஸ்திரி மடிப்புக் கலையாத பருத்திப் புடவை. குரல் அடுத்த பெஞ்சுக்குக் கேட்காது. அவள் நாய் பழைய ஊர்ப் பூங்காவில் ஒருநாள்கூட மஞ்சள் காட்டியதில்லையாம். சகாயராஜே விசாரித்துவிட்டு வந்து சொன்னார். மஞ்சளே காட்டாத மனசு எப்படி இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் ஒருநாள் தாமதமானாலே எனக்கு மஞ்சள்.

என்னை அக்கா என்றாள். அவரை அண்ணா என்றாள். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

அவர் தன் பஸ் கதைகளை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். கோழிக்கு டிக்கெட் கேட்ட கதை. தூங்கிய பயணி டிப்போவுக்கே வந்துவிட்ட கதை. நான் கேட்டுக் கேட்டுப் புளித்த கதைகள். அவளோ ஒவ்வொன்றுக்கும் சரியான இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "அப்புறம் என்னாச்சுங்கண்ணா?" என்பாள். அவர் முகம் புதுச் சில்லறை மாதிரி பளபளக்கும். இந்தக் கதைகளுக்கு நான் சிரிப்பதை நிறுத்தியது எந்த வருஷம் என்று எனக்கே நினைவில்லை. எனக்கு எரிந்தது. வேறு சொல் போட்டு அதை மூடிப் பிரயோசனமில்லை. வயிறு பற்றி எரிந்தது.

என் காலடியில் திப்பிலி உறுமியது.

சன்னமான உறுமல்தான். தொண்டைக்குள் ஆரம்பித்து மூக்கில் வந்து நிற்கும். பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருபத்தாறு வருஷம் ஓடுகிற மோட்டாருக்குக் காது கொடுத்து, கசிவு எங்கே என்று சொன்னவள் நான். எனக்குச் சத்தங்கள் மறப்பதில்லை. அந்த உறுமலை நான் வாயால் உறுமியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது.

கழுத்தில் மஞ்சள். பூங்காவே திரும்பிப் பார்த்தது.

"அம்மணிக்கு இன்னிக்கு மஞ்சள் பூசிக் குளிக்கற நாளாட்டம் இருக்குது," என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். ரேணுகாவும், கொஞ்சமாக, அளவாக.

வீட்டுக்கு வந்து கேட்டேன்: "அவகிட்ட அப்புடி என்னங்க பேச்சு?"

"கேக்கறாங்க, சொல்றன். அண்ணாங்கறாங்க. அவங்க மனசுல ஒண்ணும் இல்ல அம்மணி. இருந்திருந்தா அவங்க நாய் காட்டிக் குடுத்திருக்காதா? பச்சையாவே வாழ்ந்த பொம்பளை."

"அவளுக்குத்தான் இப்ப நாயே இல்லியே. எது காட்டிக் குடுக்கும்?"

"உன்ற நாய் இருக்குதே, அது போதும்," என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

மறுநாளிலிருந்து நானும் அந்த மாத்திரைக்காரனிடம் நின்றேன். மாத்திரை போட்டால் அவள் சிரிப்பது தூரத்து ரேடியோ மாதிரி கேட்கும். திப்பிலி பச்சையாக, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒரு ஓணானைக்கூடத் துரத்தாமல் நடந்தது. அதைப் பார்க்கவும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் வயிற்றெரிச்சலுக்காக அதன் ஓட்டத்தை நான் தின்றுகொண்டிருந்தேன்.

கடி நடந்த அன்று மாத்திரைக் கடை திறக்கவில்லை.

நடை முடிந்ததும் சுக்குக் காப்பி குடிப்பது எங்கள் வழக்கம். பிளாஸ்க் அவர் பையில் இருக்கும், கூடவே இரண்டு எவர்சில்வர் டம்ளர். எனக்குச் சூடு ஆகாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை நாக்கைச் சுட்டுக்கொண்டு நான் கண்ணீர் விட்டதிலிருந்து, அவர் என் காப்பியை இந்த டம்ளருக்கும் அந்த டம்ளருக்குமாக ஆற்றி, டம்ளரைத் தன் புறங்கையில் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுப்பார். அவர் எனக்குப் பூ வாங்கித் தந்ததில்லை. பிறந்த நாள் நினைவு வைத்ததில்லை. இந்த ஒன்றுதான். இது என்னுடையது.

அன்று அவர் ரேணுகாவுக்காக மூன்றாவது டம்ளர் ஒன்றை எடுத்து வந்திருந்தார். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஐயோ, சூடுங்கண்ணா," என்றாள்.

"குடுங்க இப்படி," என்று வாங்கினார். ஆற்றினார். நுரை எழும்ப, நிதானமாக. புறங்கையில் வைத்துப் பார்த்தார். அவளிடம் கொடுத்தார். பிறகு எனக்கு ஊற்றி, பேச்சு சுவாரசியத்தில் அப்படியே நீட்டினார். ஆவி பறந்துகொண்டிருந்தது.

சிவப்பை நான் பார்க்கவே இல்லை. திப்பிலி என் காலடியில் இல்லை, அவ்வளவுதான் தெரிந்தது. அடுத்த கணம் ரேணுகா கீழே கிடந்தாள். கெண்டைக்காலில் புடவை கிழிந்து ரத்தம் வந்தது. டம்ளர் உருண்டு போய்க்கொண்டிருந்தது. நான் "திப்பிலி!" என்று கத்தினேன். அது விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது. சொன்ன வேலையை முடித்துவிட்ட மாதிரி.

அன்று மத்தியானம் வாசலறையில் சகாயராஜ் கேட்டார்: "உங்களுக்கு ரேணுகா மேடம் மேல ஏதாவது மனத்தாங்கல் இருக்காம்மா?"

எதிரில் நாச்சிமுத்து. பக்கத்தில் காலில் கட்டோடு ரேணுகா. கதவுக்கு வெளியே வேடிக்கை பார்க்கப் பாதிப் பூங்கா. ஐம்பத்து நான்கு வயதில், இத்தனை பேர் முன்னால், ஒரு டம்ளர் காப்பிக்காக எரிந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க," என்றேன். "அது தானாத்தான் பாஞ்சுது."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று புரிந்தது. மூலையில் கூண்டுக்குள் படுத்திருந்த திப்பிலி என் குரல் கேட்டுக் காதைத் தூக்கியது. அதன் கழுத்துக்குக் கத்தியை வைத்தவள் நான்.

"சரிம்மா," என்றார் சகாயராஜ். குரலில் வருத்தம் இருந்தது. "நீங்க சொன்னாலும் நேர்ல நிறுத்திப் பார்த்தே ஆகணும். நாளைக்குக் காலையில வாங்க. அதுலயும் நாய் தானாத்தான்னு வந்தா, அன்னிக்கே முடிச்சிடுவோம். இழுத்தடிச்சா நாய்க்குத்தான் கஷ்டம்."

மறுநாள் வேப்பமரத்தடி பெஞ்சில் ரேணுகாவை உட்கார வைத்தார்கள். பத்தடி தள்ளிக் கம்பிக் கூண்டில் திப்பிலி. முதலில் கைப்பட்டை யார் கையிலும் இல்லாமல் பார்த்தார்கள். திப்பிலி ரேணுகாவைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டது. பிறகு பட்டையை என் கையில் கட்டினார்கள்.

நான் முன்னால் போய் நின்று, வெட்கத்தை விட்டுவிட்டு, சத்தமாகவே சொன்னேன்: "டாக்டர், நேத்து நான் சொன்னது பொய். எனக்கு இவங்க மேல பொறாமை. ரொம்ப நாளாவே. நாய் மேல தப்பில்ல, கடிச்சது நான்தான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள். நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அபூர்வம்.

"வாயால சொல்றது செல்லாதும்மா," என்றார் சகாயராஜ். "நாயைக் காப்பாத்தப் பல பேர் இப்படித்தான் சொல்றாங்க. நாய் காட்டணும்."

காட்டவில்லை. நான் ரேணுகாவையே உற்றுப் பார்த்தேன். அவள் புடவை மடிப்பைப் பார்த்தேன். "அப்புறம் என்னாச்சுங்கண்ணா"வை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. திப்பிலி சாகப்போகிறது என்ற பயம் மட்டும்தான் உள்ளே நிறைந்திருந்தது. ஆறு மாதமாக வேண்டாம் வேண்டாம் என்று அடக்கிய பொறாமை, வேண்டும் என்று கூப்பிடும்போது எங்கோ போய் ஒளிந்துகொண்டது. திப்பிலி வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு முனகியது.

"இது பயம்மா," என்றார் சகாயராஜ் மெதுவாக. "கடிக்கிற மனசு இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்." அவர் உதவியாளர் மருந்துப் பெட்டியைப் பெஞ்சுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார்.

அப்போது நாச்சிமுத்து தன் பையைத் திறந்தார்.

பிளாஸ்கை எடுத்தார். இரண்டு டம்ளர்களை எடுத்தார். காப்பியை ஊற்றினார். யாரையும் பார்க்கவில்லை, என்னையும்தான். ஆற்ற ஆரம்பித்தார். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு, கையை உயர்த்தி, நுரை எழும்ப. என் மூச்சு மாறியது. ஆற்றி முடித்து, டம்ளரைப் புறங்கையில் வைத்து ஒரு கணம் நின்றார். அப்புறம் நேராக ரேணுகாவிடம் நடந்து போய், குனிந்து, அதை அவள் கையில் கொடுத்தார்.

"குடிங்க. சூடு சரியா இருக்குது."

திப்பிலி கம்பியில் மோதிய சத்தத்தில் கூட்டம் பின்வாங்கியது. பல் தெரிய, எச்சில் தெறிக்க, கூண்டே நகர்கிற மாதிரி அது பாய்ந்தது. கழுத்தில் சிவப்பு. என் கைப்பட்டை சுட்டது.

"போதும், போதும்," என்று சகாயராஜ் ஓடிவந்து என் கையிலிருந்த பட்டையை அவிழ்த்தார். திப்பிலி அப்படியே நின்று, எதற்காக இங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தது. பிறகு தண்ணீர் குடிக்கப் போனது.

"நாய் தப்பிச்சுது," என்றார் சகாயராஜ். "ஆனா உங்ககிட்ட இனி இருக்காதும்மா."

நான் அழுதேன். திப்பிலிக்காகத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாதிதான் அது. எதைச் செய்தால் நான் பற்றி எரிவேன் என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. தேடிப் பார்க்கவேண்டிய தேவைகூட இல்லாமல் நேராகக் கையை வைத்தாரே.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்: "உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?"

"எது?"

"அந்த டம்ளரு."

"முப்பது வருஷம் கண்டக்டர் அம்மணி. யாரு எந்த ஸ்டாப்புல எறங்குவாங்கன்னு மூஞ்சியப் பார்த்தே தெரியும். உன்ற ஸ்டாப்பு எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கு யோசிக்காமப் பண்ணினது. இன்னிக்கு யோசிச்சுப் பண்ணினது," என்றார்.

இரண்டில் எது மோசம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திப்பிலி யார் வீட்டுக்குப் போகும் என்று கூடிப் பேசினார்கள். கடித்த நாயை யார் எடுப்பார்கள்? ஒருவரும் முன்வரவில்லை. ஆள் கிடைக்காவிட்டால் அறுபது மைல் தள்ளியிருக்கும் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார் சகாயராஜ். காப்பகத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கிய நாயை யாரும் பார்த்ததில்லை. அப்போது காலில் கட்டோடு ரேணுகாதேவி எழுந்து நின்றாள்.

"நான் வெச்சுக்கறனுங்க. வாயில்லாத ஜீவன் என்ன பண்ணும்?"

பூங்காவே கையெடுத்துக் கும்பிடாத குறை. கடித்த நாயையே வளர்க்கிற மகராசி! என் புருஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் நன்றி சொன்னேன். சொல்லித்தானே ஆக வேண்டும். நான் ஆறு மாதம் அந்தப் பூங்காவில் கால் வைக்கக் கூடாது என்பது உத்தரவு. திப்பிலியின் தட்டு, அது கடித்துக் கிழித்த என் பழைய செருப்பு, அதன் போர்வை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவரிடமே கொடுத்தனுப்பினேன். முதலில் என் புருஷனின் கதைகள் போயின. பிறகு காப்பி போனது. இப்போது நாயும் போனது. இன்னும் எதை எடுத்துக்கொள்ள அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளோ என்று மாடியிலிருந்து வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவர் அந்த ஆறு மாதமும் பூங்காவுக்குப் போகவில்லை. நான் போகச் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மொட்டை மாடியிலேயே நடந்தோம். கோழிக்கு டிக்கெட் கேட்ட கதையை ஒருநாள் அவராக ஆரம்பித்தார். நான் சிரித்தேன். கொஞ்சம் முன்னாலேயே சிரித்துவிட்டேன், ஆனாலும் சிரித்தேன்.

உத்தரவு முடிந்த மறுநாள் இரண்டு பேரும் பூங்காவுக்குப் போனோம். எனக்குத் திப்பிலியைப் பார்க்க வேண்டும்.

வேப்பமரத்தடியில் ரேணுகா. அவள் மணிக்கட்டில் கைப்பட்டை. திப்பிலி கொஞ்சம் சதை போட்டிருந்தது. என்னைக் கண்டதும் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஓடி வந்து என் மேல் விழுந்து, முகத்தை நக்கி, சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கழுத்தில் பச்சை.

"மறக்கவே இல்லீங்கக்கா உங்களை," என்றாள் ரேணுகா. "ராத்திரி அந்தச் செருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குது."

நல்லவள்தான். அந்த நிமிஷத்தில் நான் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை நாளும் இல்லாததை நினைத்து வெந்திருக்கிறேன், பாவம் தனியாள் என்று எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். நாச்சிமுத்து பிளாஸ்கைத் திறந்தார். காப்பியை ஊற்றி, ஆற்றி, புறங்கையில் வைத்துப் பார்த்தார். இந்த முறை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, என் விரல்களைத் தன் கையால் ஒரு முறை மூடி எடுத்தார். முப்பது வருஷத்தில் வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

என் பாதத்தின் மேலிருந்த தலை மெதுவாக எழுந்தது.

சன்னமான உறுமல். தொண்டைக்குள் ஆரம்பித்து மூக்கில் வந்து நின்றது. என்னைப் பார்த்துத்தான் உறுமியது. இப்போதுதான் என் முகத்தை நக்கிய நாய், என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. கழுத்தில் மஞ்சள்.

எனக்குச் சத்தங்கள் மறப்பதில்லை. அது திப்பிலியின் உறுமல் இல்லை. நான் பெற்று வளர்த்து, இதே பெஞ்சடியில் ஊர் முன்னால் வெட்கப்பட்டு நின்ற உறுமல். இப்போது இன்னொருத்தியின் வயிற்றிலிருந்து வருகிறது.

நான் ரேணுகாவைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். முந்தானையை இழுத்துக் கைப்பட்டையை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. யாருடையது என்று அவளுக்கும் தெரியும்.

உள்ளே ஒரு குதி குதித்தேன். பொய் சொல்வானேன்? ஊரே என்னைப் பொறாமைக்காரி என்றது. அவள் மனசில் ஒன்றுமில்லை என்று இவர் சத்தியம் செய்தார். இதோ, மஞ்சள் மஞ்சளாக எரிகிறது! ஒரு சத்தம் போட்டால் போதும்.

பாதையில் சகாயராஜ் வந்துகொண்டிருந்தார். உறுமல் கேட்டு அவர் நடை வேகமானது. திப்பிலி எழுந்து நின்றுவிட்டது. கழுத்தில் மஞ்சள் ஆரஞ்சாகிக்கொண்டிருந்தது. ரேணுகாவின் கண்கள் என்னைப் பார்த்தன. அவை கெஞ்சின. நான் வாயைத் திறந்தால் அவளையும் இதே இடத்தில் நிறுத்துவார்கள். அவளிடமிருந்து நாயைப் பிடுங்குவார்கள். அப்புறம் அறுபது மைல்.

நான் டம்ளரை எடுத்து ரேணுகாவின் கையில் வைத்தேன். மூடிய முந்தானைக்குள் கையை விட்டு, விரல்களைப் பிரித்து, பிடிக்க வைத்தேன்.

"நீ குடி கண்ணு. நல்லா ஆத்தி இருக்குது."

அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். உறுமல் நின்றது. மஞ்சள் அணைந்து பச்சை வந்தது. திப்பிலி ஒரு பெருமூச்சு விட்டு, எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் படுத்தது.

"என்னாச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றார் சகாயராஜ்.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர். வாலை மிதிச்சுட்டன்."

அவர் திப்பிலியையும் பச்சை விளக்கையும் பார்த்துவிட்டுப் போனார். நாச்சிமுத்து எதுவும் புரியாமல் என்னை ஆறுதலாகப் பார்த்தார்.

"பாவம், உன்னையப் பாதி மறந்துருச்சு அம்மணி. அதான் உறுமுது."

"ஆமாங்க. மறந்துருச்சு."

"இரு, உனக்கு வேற ஆத்தித் தர்றன்."

"வேண்டாங்க," என்றேன். ரேணுகா கையிலிருந்த டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திப்பிலியின் காது ஒன்று பாதி நிமிர்ந்தது. "அப்புடியே ஊத்துங்க."

ஊற்றினார். ஆவி பறந்தது. நான் சூடாகவே குடித்தேன்.